இருவாச்சி வாங்கிய பட்டாணி டப்பா

மலைக்காட்டில் வேலப்பன் என்றோர் இருவாச்சிப் பறவை இருந்தது. அப்போது அதற்கு மூச்சுவிட நேரமில்லை. மனைவி செங்கமலம் மரப்பொந்தின் வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொண்டு, குஞ்சோடு உள்ளே இருந்தது. அலகு நுழைய ஒரு கீறல்தான் வழி. வேலப்பன் கொண்டுவந்து ஊட்டினால்தான் இருவருக்கும் சாப்பாடு. தண்ணீருக்கும் வேறு வழி கிடையாது. பழத்தில் இருக்கும் ஈரம்தான் அவற்றுக்குத் தண்ணீர்.

அதனால் பக்கத்து அத்திமரத்தை வேலப்பன் கண்ணும் கருத்துமாகக் காத்தது. எந்தக் குரங்கு ஏறினாலும் ஒரே கொத்து!

ஒருநாள் துடுக்கன் என்ற குரங்கு ஒரு மூட்டையோடு வந்தது. சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன பட்டாணி டப்பாக்கள்!

“வேலப்பண்ணே, இன்னும் இந்த அத்திப்பழத்தையா கட்டிக்கிட்டு அழுறீங்க? இதைப் பாருங்க! புரதம், இரும்பு, நார்ச்சத்துன்னு டப்பா மேலயே எழுதியிருக்கு. சுற்றுலா வந்தவங்க படிச்சதை என் காதால கேட்டேன். உங்க பழத்து மேல என்ன எழுதியிருக்கு?”

வேலப்பன் ஓர் அத்திப்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஓர் எறும்பு ஊர்ந்ததே தவிர, ஓர் எழுத்தும் இல்லை. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது.

“மரத்தை எனக்கு விட்டுடுங்க. தினம் ஒரு டப்பா திறந்து தர்றேன்!”

“சரி!” என்றது வேலப்பன். டப்பாவில் உப்பும் இருப்பதைப் பற்றித் துடுக்கன் மூச்சுவிடவில்லை.

முதல் நாள் செங்கமலம், “அட, புதுசா இருக்கே!” என்று ரசித்துச் சாப்பிட்டது. இரண்டாம் நாள், “உப்புக் கரிக்குதே” என்றது. மூன்றாம் நாள் அதன் குரலே கம்மிப்போயிருந்தது.

“ஏங்க, நாக்கு ஒட்டிக்குது. குஞ்சு கத்தக்கூட மாட்டேங்குது. பழம் எங்கே?”

“பழத்துல என்ன இருக்கு கமலம்? இதுல புரதம், இரும்பு...”

“இருக்கட்டுமே! பட்டாணியை நான் குறை சொல்லலை. பசி அடங்குது. தாகத்துக்கு எங்கே போறது? டப்பாவில என்ன இருக்குன்னு பார்த்தீங்களே, எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

வேலப்பன் அடித்துப் பிடித்துக்கொண்டு அத்திமரத்துக்குப் பறந்தது. அங்கே துடுக்கன் வாயெல்லாம் சாறு ஒழுகச் சாய்ந்து கிடந்தது. கீழ்க்கிளைகள் எல்லாம் மொட்டை!

“நீ ஏண்டா பட்டாணி சாப்பிடலை?”

“நானா? இந்த வெயில்ல எவன் உப்புப் பட்டாணி தின்பான்?” என்று உளறிவிட்டது துடுக்கன்.

அடுத்த நொடி அதன் முதுகில் விழுந்தது ஒரு கொத்து! “ஐயோ!” என்று கத்திக்கொண்டு அது பள்ளத்தாக்கைத் தாண்டி ஓடிப்போனது.

நல்லவேளை, குரங்கின் கனம் தாங்காத நுனிக்கிளைகளில் பழம் மிச்சமிருந்தது. வேலப்பன் தொண்டை நிறைய அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கீறலில் நீட்டியது. முதல் பழம் குஞ்சுக்கு. இரண்டாவதும் குஞ்சுக்கே. மூன்றாவது பழம் உள்ளே போனதும், “கீ... கீ...!” என்று காடே அதிரக் கத்தியது குஞ்சு. வேலப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

செங்கமலம் பதினோராவது பழத்தை விழுங்கிவிட்டுச் சொன்னது: “வேணும்னா, திறந்த டப்பாவில மிச்சமிருக்கிற பட்டாணியில நாளைக்கு நாலு கொண்டாங்க. ஆனா, பழத்துக்கு அப்புறம்!”

எந்த உணவு உயர்ந்தது என்று முடிவுகட்டும் முன், அதைச் சாப்பிடப் போகிறவருக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.