ராணி எழுந்தால் முரசு

ஏழு ஓடைகளைத் தாண்டிப் போனால் ஒரு சீமை இருந்ததாம், அதற்கு ஏழோடை என்றே பேராம், அதை ஒரு ராஜா ஆண்டாராம். சும்மா ராஜா இல்லை. அவர் தும்மினால் சங்கு ஊதணும், கொட்டாவி விட்டால் மணி அடிக்கணும், ராணி கொல்லைக்குப் போக எழுந்தால் முரசு கொட்டணும். சிரிக்கிறீங்களா? நல்லாச் சிரிங்க. அந்தச் சீமையில் சிரிக்கக் கூடாது, சிரித்தால் பன்னிரண்டு கசையடி.

முரசு கொட்டுகிறவன் பேர் சடையன். அவன் பெண்டாட்டி சிட்டாயி, ஓடைக்கரையில் கீரை பறித்துத் தெருத்தெருவாக விற்கிறவள். ஆறு மாசப் பிள்ளைத்தாச்சி. நல்ல நடைக்காரி, அதைவிட நல்ல வாய்க்காரி. ராணி பவளத்துக்கும் அப்போது அதே ஆறு மாசம்.

ராணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே அரண்மனை வைத்தியர் குழைக்காதர் மூன்று சட்டம் போட்டாராம். ஒன்று, ராணி கால் மண்ணில் படக் கூடாது. இரண்டு, கீரை, கம்பு, கேழ்வரகு என்று கூலிக்காரர்கள் தின்கிற எதுவும் ராணி வாயில் படக் கூடாது, நெய்ச்சோறும் அல்வாவும் பால்கோவாவும்தான். மூன்று, ராணி தண்ணீரை மடமடவென்று குடிப்பது மரியாதை இல்லை, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயந்திரம் ஒன்று. வைத்தியர் மட்டும் செம்பு செம்பாகக் குடித்தார், அவர் வயிறு நன்றாக வேலை செய்தது. சட்டம் போடுகிறவர்களுக்கு என்றைக்கும் அது நன்றாகத்தான் வேலை செய்யும்.

அப்புறம் என்ன ஆச்சு? ஒரு நாள் முரசு கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு, "ஏண்டி, இன்னிக்கும் ராணிக்கு இல்லையா?" என்று கேட்டுக்கொண்டார்களாம். ராணி வயிற்றில் இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும், ஊர் வயிற்றில் ஒன்றும் இல்லாதது அரண்மனையில் ஒருத்தருக்கும் தெரியாது. அப்படி ஒரு ஆட்சி.

எட்டாம் நாள் ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். ராஜா பதறிப்போனார். குழைக்காதர் சுண்டைக்காய் அளவில் ஒரு கறுப்பு மாத்திரையை உருட்டி, "இது ஒண்ணு போதும்" என்றார். ஆனால் அங்கே ஒரு வழக்கம். ராணிக்குக் கொடுக்கிற மருந்தை, அதே மாசத்துப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி முதலில் தின்று காட்டணும். தேடினார்கள், சிட்டாயியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"வாயைத் திற" என்றார் குழைக்காதர்.

"திறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இதுல என்ன இருக்கு சாமி?"

"மருந்து."

"மருந்துன்னா?"

"நேர்வாளம். நாலு நாழியில வயிறு கழுவி விட்ட மாதிரி ஆயிரும்."

சிட்டாயி ஒரு அடி பின்னால் போனாளாம். "எங்க சினையாடு ஒரு தடவை நேர்வாளக் கொட்டையைத் தின்னுருச்சு சாமி. சாயங்காலத்துக்குள்ள குட்டி விழுந்துருச்சு. கண்ணே முழிக்காத குட்டி. என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க, முழுங்குறேன்."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆனாத்தான் என்ன? உங்க வீடுகள்ல வருஷத்துக்கு ஒண்ணு பெத்துப் போடுறீங்க" என்றார்.

சிட்டாயி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ராஜாவைப் பார்த்தாளாம். "மகாராஜா, எனக்கு மூணு நாள் குடுங்க. ராணியம்மாவை என்கிட்ட விடுங்க. நாலாம் நாள் காலையில அவங்க வயிறு லேசாகலைன்னா, நீங்க குடுக்கிறதுக்கு முன்னாடி நானே எடுத்து முழுங்குறேன்."

"கீரைக்காரிக்கு வைத்தியம் தெரியுமாம்!" என்று குழைக்காதர் சிரித்தார். அவருக்கு மட்டும் கசையடி கிடையாது. ராஜா யோசித்து, சரி என்றார்.

முதல் நாள், சிட்டாயி ஒரு மண்பானை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ராணி பக்கத்தில் வைத்தாள். விடிந்ததும் வெதுவெதுப்பாக ஒரு செம்பு, அப்புறம் நேரத்துக்கு ஒரு செம்பு. ராணி முதல் செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு அழுதேவிட்டாளாம். "எங்க அம்மா வீட்டுல இப்படித்தாண்டி குடிப்போம். இறைச்சு வச்ச தண்ணியைக் கையால அள்ளிக் குடிப்போம்."

இரண்டாம் நாள், நெய்ச்சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கம்பங்கூழும் மோரும், தண்டுக்கீரைக் கடைசலும், நார் எடுத்த வாழைத்தண்டுப் பொரியலும், ஊறவைத்த உலர்ந்த திராட்சையும் கொடுத்தாள். ராணி கிண்ணத்தை வழித்து வழித்துத் தின்றாளாம். அவள் கரிசல் காட்டில் உழுகிற சம்சாரி மகள், அழகைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த ராஜா, அவள் தின்ற கூழைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். "சின்ன வெங்காயம் இருக்காடி? பச்சை மிளகாய்?" என்று கேட்டாளாம். "மிளகாய் வேண்டாம் தாயி, வெங்காயம் கடிங்க" என்றாள் சிட்டாயி.

மூன்றாம் நாள், ராணியைக் கட்டிலை விட்டு இறக்கி, தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நடக்க வைத்தாள். ரெண்டு வயிற்றையும் தள்ளிக்கொண்டு ரெண்டு பேரும் மெல்ல மெல்ல, காலையில் ஒரு நடை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை, வெயில் தாழ ஒரு நடை. மூன்றாவது நடையில் ராணி சட்டென்று நின்றாள்.

"சிட்டாயி, வருதுடி!"

"வாங்க தாயி, வாங்க வாங்க!"

ராணி கொல்லைப் பக்கம் ரெண்டு அடி எடுத்து வைத்தாள். டம் டமடம, டம் டமடம! முரசு முழங்கியது. காவல்காரன் எழுந்து நின்றான், தோழிமார் எழுந்து நின்றார்கள், மாடத்தில் இருந்த மந்திரிமாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ராணி முகம் சிவந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுடி. அந்தச் சத்தம் கேட்டா எல்லாம் உள்ளே ஓடிப்போகுது. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இதுதான். அடக்கி அடக்கியே பழகிப்போச்சு."

சிட்டாயி தலையில் அடித்துக்கொண்டாளாம். மூன்று நாளாக வயிற்றுக்கு வைத்தியம் பார்த்தோம், வியாதி காதில் அல்லவா இருக்கிறது! மிச்சம் ஒரு விடியல்தான். தன் வயிற்றுப் பிள்ளை உள்ளே புரண்டு உதைத்தது. அவள் நேரே முரசு மண்டபத்துக்கு ஓடினாள்.

"யோவ், விடியும் முன்னே முரசுத் தோல் மேல ஒரு குடம் தண்ணியை ஊத்து."

"ஊத்தினா தோல் தொளதொளன்னு போயிரும் புள்ளே! சத்தமே வராது. கொட்டலைன்னு என் கையை வெட்டிருவாங்க."

"நீ கொட்டாம இருக்காதே, நல்லாக் கொட்டு. ராணி எழுந்தா கொட்டணும்னுதான் சட்டத்துல இருக்கு. ஊருக்குக் கேக்கணும்னு எவனும் எழுதலை."

சடையன் முரசுக் கோலைக் கீழே வைத்தானாம். அப்புறம் குடத்தை எடுத்தான்.

விடிந்தும் விடியாமல் சிட்டாயி ராணிக்கு வெதுவெதுப்பாக ரெண்டு செம்பு தண்ணீர் கொடுத்து, தோட்டத்துக் கடைசிக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே தென்னந்தட்டி கட்டி மறைத்து, குந்துவதற்குத் தோதாக ரெண்டு கல் போட்டு வைத்திருந்தாள். முரசு மண்டபத்தில் சடையன் ஓங்கி ஓங்கி அடித்தான். பொத், பொத், பொத். நனைந்த துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம், அதுவும் பத்தடி தாண்டவில்லை. காவல்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

சிட்டாயி தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். "முக்காதீங்க தாயி. அவசரமே இல்லை. உங்க ஊர்க் கதையைச் சொல்லுங்க."

தட்டிக்கு உள்ளே இருந்து ராணி சொன்னாளாம். "எங்க ஊருல இந்நேரம் ஆறேழு பேர் ஒண்ணாத்தாண்டி ஓடைக்குப் போவோம். பனி கொட்டும். எருக்கலஞ்செடி எல்லாம் நனைஞ்சு நிக்கும். போகும்போது பேசிக்கிட்டே போவோம், வரும்போது சிரிச்சுக்கிட்டே வருவோம். எங்க பெரியம்மா மக காத்தாயி, குயில் மாதிரியே கூவுவா. நாங்க பதிலுக்குக் கூவுவோம். நிசக் குயில் எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அங்க யாரும் எனக்காக எழுந்து நின்னதில்லை. யாரும் என்னைப் பார்த்ததே இல்லை. அதுதாண்டி சுகம். அந்த ஓடையில இப்போ..."

பேச்சு நின்றுபோச்சு. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து, "அம்மாடியோ!" என்று ஒரு குரல். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை, ரெண்டும் கலந்த குரல். அப்புறம் ராணி குயில் மாதிரி ஒரு தரம் கூவினாளாம். சிட்டாயிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவளும் பதிலுக்குக் கூவினாள்.

வெயில் ஏறியதும் குழைக்காதர் மாத்திரைத் தட்டோடு சபைக்கு வந்தார். "முரசு கேட்டுதா? கேக்கலை. கெடு முடிஞ்சுது. பிடிங்கடா அந்தக் கீரைக்காரியை!"

ரெண்டு பேர் சிட்டாயி கையைப் பிடித்தார்கள். அவர் அவள் தாடையைப் பிடித்து மாத்திரையை வாய்ப் பக்கம் கொண்டுபோனார். அப்போது வெறுங்காலோடு, பல்லக்கு இல்லாமல், முகமெல்லாம் சிரிப்பாக ராணி நடந்து வந்தாள். "அவ கையை விடுங்க. எனக்குக் காலையிலேயே ஆயிருச்சு. முரசு கேக்காததாலதான் ஆச்சு" என்றாள். அத்தனை மந்திரிமார் முன்னாடி, வெட்கப்படாமல், அப்படியே சொன்னாளாம்.

ராணி வைத்தியர் பக்கம் திரும்பினாள். "வைத்தியரே, இது நல்ல மருந்துதானே?"

"ரொ... ரொம்ப நல்ல மருந்து தாயே."

"ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது தாயே."

"அப்போ நீங்களே முழுங்குங்க. உங்களுக்கு இது எத்தனையாவது மாசம்னு நாங்க யாரும் கேக்க மாட்டோம்."

ராஜாவே சிரித்துவிட்டாராம், கசையடியை மறந்து. குழைக்காதர் விழுங்கினார். நாலு நாழி கூட ஆகவில்லை, எழுந்தார். அதற்குள் முரசு வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது, சடையன் சும்மா விடுவானா? டம் டமடம! கிணற்றடியில் பெண்கள், "ஒண்ணு" என்றார்கள். மறுபடி எழுந்தார். டம் டமடம! "ரெண்டு." மறுபடி எழுந்தார். டம் டமடம! "மூணு." வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு அவர் சீமையை விட்டே ஓடினார், ஓடைக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏழு ஓடையையும் கடந்தார். சடையன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழாவது ஓடை வரைக்கும் கூடவே போய்க் கொட்டிவிட்டு வந்தானாம்.

ராணி அன்றைக்கே அந்த மூன்று சட்டத்தையும், முரசுச் சட்டத்தையும் கிழித்துப் போட்டு ஒரே சட்டம் எழுதினாள்: மருந்து செய்கிறவர்தான் அதை முதலில் தின்று காட்டணும். அதற்குப் பிறகு அந்தச் சீமையில் மருந்துகள் எல்லாம் தானாகவே மென்மையாகிவிட்டன. ராணிக்குப் பெண் பிறந்தது, சிட்டாயிக்கும் பெண் பிறந்தது, ரெண்டும் ஒரே தோட்டத்து மண்ணில் தவழ்ந்தன.

முரசு கிழிந்தது, கதையும் நின்றது. சொன்ன வாய்க்கு ஒரு செம்பு தண்ணீர், கேட்ட காதுக்காரருக்கு ரெண்டு செம்பு. குடித்துவிட்டுப் போங்க. வந்தால் அடக்காதீங்க, எவன் எழுந்து நின்றாலும்.