ஈரத்தோடு வைத்த மிளகாய் விதை

மலை மேலிருந்த அந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது நல்லசிவத்துக்கு வயது அறுபத்து மூன்று. குருவான மங்கையம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அம்மாவின் காலில் விழுவதில் நல்லசிவத்துக்குக் கூச்சம் எதுவும் இல்லை. கூச்சப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ஒரே மகன் விபத்தில் போன மறுமாதம் வந்தவர். வந்ததிலிருந்து கேட்டது ஒன்றுதான், வடக்கு மூலையிலிருந்த மௌன அறை. உள்ளே போனால் ஒரு வருஷம் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கேட்கும்போதெல்லாம் மங்கையம்மா "பார்க்கலாம்" என்பார். கேட்டுக் கேட்டு இவருக்கும் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கும் அலுத்துவிட்டது.

அன்றும் அதைக் கேட்கத்தான் போனார். அம்மா மிளகாய் நாற்றுத் தட்டுகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டில் முளை நெருக்கமாக நின்றது. பக்கத்துத் தட்டில் வெறும் மண். அதில் போட்டது நல்லசிவம் எடுத்து வைத்திருந்த விதை.

"ஒரே செடிப் பழம். ஒரே ஃப்ரீசர்ல பக்கத்துப் பக்கத்துலதான் இருந்துச்சு. என் விதை மட்டும் ஏம்மா செத்துப்போச்சு? குளிர் ஒத்துக்கலையா?"

"முளைச்ச இதுவும் அதே குளிர்ல இருந்ததுதானே. நீங்க எப்ப உள்ள வச்சீங்க?"

"பழத்தைக் கீறின அன்னிக்கே. அலுப்பா இருந்துச்சும்மா. பாட்டில்ல போட்டு மூடிட்டா ஒரு வேலை முடிஞ்சுதுன்னு வச்சுட்டேன்."

"இதை முறத்துல பரப்பி நிழல்ல போட்டிருந்தோம். மடக்கினா பட்டுன்னு ஒடியணும். வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஒடியிற வரைக்கும் வெளியிலதான் கிடந்துச்சு. கோழி கிளறிச்சு, பூனை மேல படுத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் குளிர். காய்ஞ்ச விதைக்கு அது நல்ல தூக்கம். பல வருஷம் கழிச்சு எடுத்துப் போட்டாலும் முளைக்கும். ஈர விதைக்குள்ள இருக்கிற தண்ணி கட்டியாகி, அதை உள்ளேயே உடைச்சுடும். வெளியில பார்த்தா தெரியாது."

நல்லசிவம் வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

"மௌன அறையை இன்னிக்காவது கொடுங்கம்மா. நான் காய்ஞ்சு ரொம்ப நாளாச்சு. அவனைத் தூக்கிட்டுப் போனப்பகூட நான் அழலை. ஊரே ஆச்சரியப்பட்டுச்சு."

அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பாவம், அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மங்கையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். நல்லசிவத்தின் கை அவசரமாக முன்னே வந்தது.

"மகன் பேர் என்னங்கய்யா? இத்தனை மாசமாச்சு, உங்க வாயால சொல்லி நான் கேட்டதே இல்லை."

அவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்து வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நீட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கிற்று.

மங்கையம்மா சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அன்று முழுக்கக் களைப்புதான். அழுகை ஓய்ந்த பிறகு சொன்னார்.

"அறை எங்கேயும் போயிடாதுங்கய்யா. பேரை முழுசாச் சொல்ல வர்ற அன்னிக்கு வாங்க. அதுவரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்களோட வந்து உட்காருங்க."