ஏரியைச் சுற்றிய ரிப்பன்

ஆடி மாதத்துக் கல்யாண போட்டோக்காரனைப் போல ஓய்வான ஆளை எங்கேயும் பார்க்க முடியாது. கூடப்பட்டு சுபமங்கள ஸ்டூடியோவில் தணிகாசலம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய உதவியாளர்கள் நாவுக்கரசும் பூவராகனும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்கிறவர்கள். அதனாலேயே ஊரில் அவர்களிடம் யாரும் அதிகமாக எதுவும் சொல்வதில்லை.

தணிகாசலத்தின் மனைவி செங்கமலம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து ஒரு சனி ஞாயிறு எங்கேயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? ஊரே ஊட்டி, ஏற்காடுன்னு போகுது. நான் பார்த்ததெல்லாம் கல்யாண மண்டபம். இந்த ஆடிக்குள்ள ஒரு மலையைக் காட்டலைன்னா நான் எங்க அக்கா வீட்டுக்கே போயிடுவேன். அவ வீட்டு மொட்டை மாடியில நின்னா ஒரு குன்றாவது தெரியும்."

இந்தக் கவலையில் தணிகாசலம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அப்போதுதான் வெண்ணாவல் மலையிலிருந்து ஜெயசீலன் என்பவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மலை ஓட்டக் குழுவின் செயலாளர்.

"சனிக்கிழமை காலையில ஏரியைச் சுத்தி ஓட்டப் பந்தயம். எல்லாம் ஆசைக்கு ஓடறவங்கதான். பேங்க்காரங்க, டீச்சருங்க, பல் டாக்டருங்க. அவங்களுக்கு மெடலைவிட போட்டோதான் முக்கியம்" என்றார் ஜெயசீலன். "முதல்ல வர்றவர் ரிப்பனை அறுக்கற படம் எனக்குக் கண்டிப்பா வேணும். அது நல்லா வந்தா, ஏரிக்கரையில எங்க காட்டேஜ்ல குடும்பத்தோட ரெண்டு நாள் தங்கிக்கலாம். வரலைன்னா சாவி கிடையாது."

"எப்படி எடுக்கணும் சார்?"

"ஆள் ஓடணும், ஆனா முகம் கலங்கக் கூடாது. எப்பவும் ஆளுக்கு முன்னாடி இருந்து எடுக்கணும். முகத்துல சிரிப்பு இருக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போனார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நாலு பேரும் மலையேறினார்கள். செங்கமலம் இரண்டு நாளைக்கான துணியும், ஸ்வெட்டரும், ஒரு தூக்கு நிறையப் புளிசாதமும் கொண்டுவந்திருந்தாள். பூட்டியிருந்த காட்டேஜுக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சாவியோட வாங்க" என்றாள்.

பந்தயம் தொடங்கும் இடத்தில் ஓட வந்தவர்கள் எல்லாரும் கூட்டமாக நின்றார்கள். சிறப்பு விருந்தினர் கொடியை அசைத்தார். ஓடினார்கள்.

"ஒன் மோர் சார்!" என்று கத்தினான் தணிகாசலம். "கொடி கலங்கிடுச்சு!"

தாலி கட்டும் மாப்பிள்ளையையே மறுபடி கட்டச் சொல்கிற குரல் அது. அதைத் தட்டிவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. ஓடினவர்கள் திரும்பி வந்தார்கள்.

"சார், இந்தத் தடவை அசைக்காதீங்க. அசைக்கிற மாதிரி பிடிச்சுட்டு நில்லுங்க."

விருந்தினர் அப்படியே நின்றார். கொடி அசையாததால் யாரும் ஓடவில்லை. படம் மிக நன்றாக வந்தது. அதற்குப் பிறகும் அவர் அப்படியே நின்றார். கொடியை இறக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. கடைசியில் யாரோ பலமாகத் தும்ம, அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள்.

பாதி வழியில் ஒரு மேடு. அங்கே மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டரிடம் பூவராகன், "சார், லேசா சிரிங்க" என்றான்.

"யோவ், உயிர் போகுதுய்யா!"

"பொண்ணு வீட்டுக்காரங்ககூட இப்படி முறைக்க மாட்டாங்க அண்ணே" என்று பூவராகன் வருத்தப்பட்டான். நாவுக்கரசு பவுடர் பஞ்சை எடுத்துக்கொண்டு டாக்டர் கூடவே ஓடி, அவர் முகத்து வியர்வையை ஒற்றிவிட்டான். டாக்டர் வாயைத் திறந்தபோது பவுடர் உள்ளே போய்விட்டது. அந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை. ஆனால் நல்ல வெளுப்பாக இருந்தார்.

பந்தயம் முடியும் இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். குறுக்குப் பாதையில் முன்னதாகவே வந்து சேர்ந்த மூவரும் அதற்கு முன்பிருந்த வளைவில் ஆலோசனை செய்தார்கள்.

"ஆள் ஓடணும், முகம் மட்டும் கலங்கக் கூடாதாம். எப்படிடா?" என்றான் தணிகாசலம்.

"அவர் தலையை நான் பிடிச்சுக்கவா?" என்றான் நாவுக்கரசு.

"கை படத்துல விழும்."

பூவராகன் வெகுநேரம் யோசித்தான். "அண்ணே, ஊர்வலத்துல மாப்பிள்ளை முன்னாடி வர வர, நீங்க பின்னாடி நடந்துட்டே எடுப்பீங்கல்ல? அதையே கொஞ்சம் வேகமாப் பண்ணுங்க. அவரும் ஓடறார், நீங்களும் ஓடறீங்க. அப்ப அவர் நிக்கற மாதிரிதானே?"

இவ்வளவு அறிவை மூவரும் எதிர்பார்க்கவில்லை.

முதல் ஆளாக வந்தவன் கதிர்நிலவன் என்ற தபால் ஆபீஸ் இளைஞன். தணிகாசலம் கேமராவோடு அவனுக்கு முன்னால் பாய்ந்து, பின்பக்கமாகவே ஓடினான். எத்தனையோ ஊர்வலங்களில் பழகிய கால்கள். கல்லும் பள்ளமும் அவனை ஒன்றும் செய்யவில்லை. கதிர்நிலவன் வேகம் கூட்டினான். தணிகாசலமும் கூட்டினான். "அப்படித்தான் தம்பி, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, சூப்பர்..."

முதுகில் ஏதோ பட்டது. ரிப்பன்தான். அறுந்து கீழே விழுந்தது. கூட்டம் பழக்கதோஷத்தில் கை தட்டியது.

ஜெயசீலன் ஓடி வந்தார். "யோவ், உன்னை யாருய்யா அறுக்கச் சொன்னது? அவன் அறுக்கற படம்தான் வேணும். அது வந்தாத்தான் சாவி!"

"ஒன் மோர் போயிடலாம் சார்" என்றான் தணிகாசலம்.

புது ரிப்பனோடு மூவரும் மறுபடி கூடினார்கள். விஷயம் பெரியது. தணிகாசலத்தின் கண் முன்னால் செங்கமலத்தின் அக்கா வீட்டு மொட்டை மாடி தெரிந்தது.

"ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்தா என்ன அண்ணே?" என்றான் நாவுக்கரசு.

தணிகாசலம் அதிர்ந்து போனான். "டேய், அந்தப் பக்கம் நின்னா நாம அவனுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துட்டதா ஆகாதா? ஓடாமலே முதல் பரிசு வாங்கறதா? அது மோசடிடா. நாம உழைச்சுச் சாப்பிடறவங்க."

நாவுக்கரசு வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப ஒரே வழிதான்" என்றான் பூவராகன். "அண்ணன் பின்னாடி வர வர, ரிப்பனும் பின்னாடி போகணும். ஆளுக்கொரு முனையை நாங்க பிடிச்சுக்கறோம். அண்ணன் முதுகு மட்டும் ரிப்பன்ல படவே கூடாது."

அப்படியே செய்தார்கள். கதிர்நிலவன் மறுபடி வளைவிலிருந்து ஓடி வந்தான். அவனுக்கு முன்னால் தணிகாசலம் பின்பக்கமாக ஓடினான். அவன் முதுகுக்குப் பின்னால் நாவுக்கரசும் பூவராகனும் ரிப்பனோடு ஓடினார்கள். பந்தயம் முடியும் இடம் வந்தது. ரிப்பன் அதைத் தாண்டியும் போனது. ஜெயசீலன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அடுத்தடுத்து வந்தவர்கள் அங்கே ரிப்பன் இல்லாததைக் கண்டு, அது போன திசையிலேயே ஓடினார்கள்.

"அண்ணே, நான் ஜெயிச்சுட்டேனா இல்லையா?" என்றான் கதிர்நிலவன், மூச்சு வாங்க.

"ஜெயிச்சுட்டீங்க தம்பி. அறுக்கறதுதான் பாக்கி."

சிமெண்ட் பெஞ்ச் வந்தது.

"ஏங்க! சாவி?" என்று கேட்டாள் செங்கமலம்.

"ரிப்பன் அறுந்ததும் வந்துடும்!"

ஏரியைச் சுற்றிவிட்டு மறுபடி அங்கே வந்தபோது அவள் சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தாள். "உங்களுக்கும் வாங்கவா?"

"பாதியை மிச்சம் வை!"

அடுத்த சுற்றில் அவள் கேட்டாள்: "மலை எப்படியிருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் வர்றேன் செங்கமலம். எல்லாம் தூரமாப் போயிட்டே இருக்கு!"

கதிர்நிலவன் திடீரென்று பாய்ந்து பார்த்தான். ரிப்பனும் பாய்ந்தது. நடந்து பார்த்தான். ரிப்பனும் நடந்தது. கடைசியில் ஒரு பஜ்ஜிக் கடை வாசலில் அவன் உட்கார்ந்துவிட்டான். ரிப்பனும் எட்டாத தூரத்தில் உட்கார்ந்தது. பின்னால் வந்த பேங்க்காரர்களும் டீச்சர்களும் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் எல்லாருக்கும் பஜ்ஜி சொன்னார். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கதிர்நிலவன் எழுந்தான். எல்லாரும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஓடினார்கள்.

ஜெயசீலன் இதற்குள் அவர்களைத் துரத்திப் பார்த்து அலுத்துவிட்டார். ஏரி வட்டமானது என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் நினைவுக்கு வந்தது. திரும்பி எதிர்த்திசையில் ஓடி வந்தார். "நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே, காட்டேஜுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நேர் எதிரே வந்தார். சத்தம் கேட்டுத் தணிகாசலம் திரும்பினான். அதே நொடியில் ஜெயசீலன் நெஞ்சில் பட்டு ரிப்பன் அறுந்தது. தணிகாசலத்தின் விரல் தானாக அமுக்கியது.

எல்லாரும் நின்றார்கள். மூவரும் கேமராவின் சின்னத் திரையில் குனிந்தார்கள்.

"ஆள் ஓடறார்" என்றான் நாவுக்கரசு.

"முகம் கலங்கலை. முன்னாடி இருந்தும் எடுத்திருக்கு" என்றான் பூவராகன்.

"வாய் எவ்வளவு திறந்திருக்கு பாரு. இப்படி ஒரு சிரிப்பை நான் எந்தக் கல்யாணத்துலயும் பார்த்ததில்லை" என்றான் தணிகாசலம். கேமராவை இரண்டு கையாலும் ஏந்தி ஜெயசீலனிடம் காட்டினான். "வாழ்த்துக்கள் சார். நீங்கதான் முதல்."

அடிக்கக் கையை ஓங்கிய ஜெயசீலன் படத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பந்தயம் நடத்துகிறவர், ஒன்றிலும் ஓடியதில்லை. நெஞ்சில் ரிப்பனோடு ஒரு படம் அவரிடம் இல்லை. ஓங்கிய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

"அப்ப நான்?" என்றான் கதிர்நிலவன்.

"ரெண்டாவது" என்றார் ஜெயசீலன்.

"சரி சார். இனிமே படுத்துக்கலாமா?"

முதல் பரிசைச் செயலாளர் கையால்தான் கொடுக்க வேண்டும். ஆகவே ஜெயசீலன் கோப்பையை வலது கையால் கொடுத்து, இடது கையால் வாங்கிக்கொண்டார். "கொடுக்கறவர் கொஞ்சம் பெருமையாப் பாருங்க, வாங்கறவர் கொஞ்சம் பணிவாப் பாருங்க" என்றான் தணிகாசலம். அவர் இரண்டையும் செய்ய முயன்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். செங்கமலம் பையோடு எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தணிகாசலம் அதையும் படம் எடுத்தான். எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்து முகம் சுருங்கினான்.

"கண்ணை மூடிட்டே செங்கமலம்."

அவளும் எட்டிப் பார்த்தாள். "நம்ம கல்யாண ஆல்பத்துலயும் எல்லாப் படத்துலயும் எனக்குக் கண்ணு மூடித்தான் இருக்கு. இதுலயாவது திறந்து இருக்கட்டுங்க. இந்தாங்க சார், சாவியைப் பிடிங்க. இன்னொரு தடவை கொடுங்க."

"ஒன் மோர் சார்!" என்றான் தணிகாசலம், கேமராவைத் தூக்கிக்கொண்டே.

காலையிலிருந்து கேட்ட அந்த வார்த்தையை மறுபடி கேட்டதும், ஜெயசீலனுக்கு எங்கிருந்தோ தெளிவு வந்தது. ரோடு முழுக்கப் படுத்துக்கிடந்த ஓட்டக்காரர்களைப் பார்த்தார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கோப்பையோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தணிகாசலத்தின் விரல் அதற்குள் அமுக்கிவிட்டிருந்தது.

நாலு பேரும் கொஞ்ச நேரம் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு திரையைப் பார்த்தார்கள். படத்தின் ஓரத்தில் ஜீப்பின் பின்பக்கம். நடுவில், நீட்டிய வெறும் கைகளோடு செங்கமலம். அவளுடைய இரண்டு கண்ணும் அவ்வளவு பெரியவை என்று தணிகாசலத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

செங்கமலம் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"இது நல்லா வந்திருக்குங்க" என்றாள். "பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டிடுங்க."