பதினோராம் பக்கத்துப் புதன்கிழமை

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஏகாம்பர அடிகள் என்னும் பெரியவர் வாழ்ந்துவந்தார். போரில் குடும்பத்தை இழந்து வந்து சேர்ந்த இருவர் அவருக்குச் சீடராயிருந்தனர். ஒருவர் நொச்சிக்குளத்து வள்ளிநாச்சி. மற்றவர் மாசிலாமணி, பக்கத்து ஊராகிய பாலைத்துறையில் தோணி ஓட்டியவர். முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரே மாதத்தில், ஒரே படைதான் இரண்டு ஊர்களையும் அழித்தது.

இத்தனை ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த தேசத்தில் பல நாடுகள் கூடி நடத்தும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நொச்சிக்குளத்தில் நடந்தது இனப்படுகொலையே என்று பதினேழு பக்கங்களில் எழுதியது. பாலைத்துறைக்குக் கிடைத்தது ஒரே வரி: போதிய சான்றில்லை.

அன்று தொட்டு மாசிலாமணியின் நெஞ்சு புகையத் தொடங்கியது. பந்தியில் அந்த அம்மாளுக்கு எதிரே அமரமாட்டார். "தீர்ப்பு வாங்கிய சீமாட்டிக்கு முதலில் பரிமாறுங்கள்" என்பார். வள்ளிநாச்சி சிரித்துக்கொண்டே, ரசத்தை முதலில் அவருக்கே ஊற்றச் சொல்வார். அந்தச் சிரிப்பும் பதினேழு பக்கங்களோடு சேர்ந்து வந்ததாகவே அவருக்குத் தோன்றும்.

ஒருநாள் அவர் அடிகளிடம் கேட்டார்:

"சுவாமி, தீர்ப்பால் மாண்டவர் மீள்வரா?"

"மீளார்."

"கொல்லச் சொன்ன தளபதி சிறை புகுந்தானா?"

"இல்லை. தன் தோட்டத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறானாம். வள்ளிநாச்சிதான் சொன்னாள்."

"அப்படியானால் அது வெறும் காகிதந்தானே?"

ஆம் என்ற ஒரு சொல்லுக்காக மாசிலாமணி காத்திருந்தார். அது கிடைத்தால் நெஞ்சு ஆறிவிடும் என்று நம்பினார். அடிகளோ, "நாளை நண்பகல் வள்ளிநாச்சி வீட்டாருக்குத் திதி. நீ உடனிருந்து இலை போடு" என்றார்.

திதி என்ற சொல் மாசிலாமணியைச் சுட்டது. இறந்த நாள் அறியாதவர்க்குத் திதி ஏது? ஆடி அமாவாசையன்று, ஆற்றங்கரைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எள்ளும் நீரும் இறைப்பதே வழக்கம். ஆண்டுதோறும் அவ்விருவரும் அங்கே அடுத்தடுத்து நின்றவர்கள். இனி மாசிலாமணி மட்டும் நிற்கவேண்டும்.

மறுநாள் கிணற்றடி மதில்மேல் அவர் இலை விரித்தார். வள்ளிநாச்சி சோற்றை உருட்டி உருட்டி வைத்தார். கணவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மகனுக்குரியது சற்றுப் பெரியது.

"பதுங்குகுழிக்குள் எங்களுக்குக் கிழமையே தவறிப்போயிற்று, அண்ணா" என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். "சாட்சி சொன்னவர்கள் ஆளுக்கொரு நாள் சொன்னோம். நானே வெள்ளி என்றேன். நீதிபதிகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, தேதியைப் பதினோராம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதை வைத்துப் பஞ்சாங்கம் பார்த்தேன். பிள்ளை போனது புதன்கிழமை."

பிறகு வானத்தைப் பார்த்துக் "கா, கா" என்று அழைத்தார்.

காகம் வராமலிருக்கட்டும் என்று மாசிலாமணி மனத்துக்குள் வேண்டினார். வந்தது. மதிலில் தத்தித் தத்தி நடந்து, இலையருகே நின்று, கழுத்தைச் சாய்த்துப் பெரிய உருண்டையைப் பார்த்தது.

மாசிலாமணியின் கைகள் பட்டென்று தட்டின. காகம் பறந்துவிட்டது.

வள்ளிநாச்சி நகர்ந்திருந்த இலையை நேராக்கிவிட்டு, மறுபடியும் அழைக்கத் தொடங்கினார்.

கிணற்றுக்கு அப்பால் அடிகள் நின்றிருந்தார்.

"மாசிலாமணி, வெறும் காகிதம் என்றாயே?"

"ஆம் சுவாமி."

"பிறகு எதைக் கண்டு கை தட்டினாய்?"

மாசிலாமணி தம் கைகளைப் பார்த்தார். வள்ளிநாச்சியின் குரல் இரண்டாம் முறை எழுந்தது. மூன்றாம் முறையும் எழுந்தது. காகம் திரும்பி வந்து இலையில் அலகு வைக்கும்வரை அவர் அசையவில்லை.

"சுவாமி" என்றார் பின்னர். "என் மகள் கமலவல்லி போனது எந்தக் கிழமை?"

"இதைக் கேட்கத்தான் நேற்று வந்தாய்" என்றார் அடிகள்.