மூக்கன் போட்ட இரவல் பீட்

ஏரியின் கீழ்க்கரையில் மூக்கன் என்ற மரங்கொத்தி ஹிப்-ஹாப் பீட் போட்டுக்கொண்டிருந்தது. பட்டுப்போன மரத்தில் ஒரு தட்டு, பொந்துள்ள கிளையில் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டும். அதன்மேல் வஞ்சி என்ற மைனா மூச்சுவிடாமல் ராப் பாடும். முயலும் கீரியும் தலையாட்டிக்கொண்டே கேட்கும்.

மேல்கரையிலும் ஒரு கோஷ்டி உண்டு. அங்கே தொப்பையன் என்ற தவளை தொண்டையாலேயே பீட் போடும். கிளி ஒன்று பாடும். ஏரி வற்றி நடுத்திட்டு அத்திமரம் பழுத்ததும் இரண்டு கரைக்கும் போட்டி நடக்கும். ஜெயித்த கரை முதலில் பறித்துக்கொள்ளும். தோற்ற கரைக்கு மிச்சம். இந்த வருஷம் மழை பொய்த்ததால் பழம் குறைவு. மிச்சம் என்று ஒன்றும் இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூக்கனுக்கோ புதுசாக எதுவுமே தோன்றவில்லை. எதைத் தட்டினாலும் போன வருஷத்துப் பீட்டாகவே வந்தது. ரயில் பாலத்துக்குப் பறந்துபோய் கூட்ஸ் வண்டியின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தது. தலைவலிதான் வந்தது. அருவிக்குப் போனது. அங்கே பாறைதான் இருந்தது, தண்ணீர் இல்லை. திரும்பி வரும்போது இறக்கை இரண்டும் கல்லாகக் கனத்தன.

வழியில் முயல் கேட்டது. “என்ன மூக்கண்ணே, பீட் ரெடியா? எங்க குட்டிங்க உன்னைத்தான் நம்பியிருக்கு.”

“ரெடியாயிட்டே இருக்கு” என்றது மூக்கன். அதைச் சொல்லவே அதற்கு அலுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் சம்பு என்ற நரி மரத்தடிக்கு வந்தது.

“ஏன் மாப்ளே இப்படி மண்டையை உடைச்சுக்கிற? மேல்கரையில ஒரு பீட் கேட்டேன். அந்தத் தவளை போட்டுப் பார்த்துட்டு, வேணாம்னு விட்டுருச்சு. சும்மா கிடக்கிற சரக்குதானே, நீ எடுத்துக்க. ஜெயிச்சா எனக்கும் கொஞ்சம் பழம் குடு.”

“நிஜமாவே வேணாம்னு விட்டுருச்சா?”

“என் காதால கேட்டேன்.”

நரி வாயாலேயே அந்தப் பீட்டைப் போட்டுக் காட்டியது. குதியாட்டம் போட வைக்கும் பீட். மூக்கனுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. ஆனால் இனி யோசிக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. அப்படியே கற்றுக்கொண்டது.

மறுநாள் வஞ்சி அதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தது. “நல்லாத்தான் இருக்கு. இது நீ போட்டதாண்ணே?”

“வேற யாரு போடுவா?” என்று மூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

போட்டி நாள் வந்தது. நடுவராக இருந்தது காரி என்ற எருமை. எந்தக் கரையிலும் சேராமல் சேற்றிலேயே கிடப்பதால் அதன் தீர்ப்பை யாரும் மறுப்பதில்லை. மேல்கரைதான் முதலில் பாட வந்தது. தொப்பையன் தொண்டையை உப்பியது. முதல் அடியிலேயே மூக்கனுக்குப் புரிந்துவிட்டது. நரி போட்டுக் காட்டிய அதே பீட். நரியைத் தேடினால் அது புதருக்குள் நழுவிக்கொண்டிருந்தது.

கீழ்க்கரையின் முறை வந்தது. மூக்கன் மரத்தைப் பார்த்தபடியே நின்றது.

“ஆரம்பிண்ணே” என்றது வஞ்சி.

“என்னால முடியாது வஞ்சி. நம்ம பீட்டும் அதேதான். நரி சொன்னதை நம்பி எடுத்தேன். நான் போட்டதுன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். எனக்கு ஒண்ணுமே வரல. ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்.”

எல்லாருக்கும் கேட்டது. மேல்கரையில் ஏளனச் சிரிப்பு எழுந்தது. முயல் கண்ணை மூடிக்கொண்டது.

வஞ்சி தாவி மூக்கனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு சொன்னது: “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் மட்டும் என்ன, தெம்பாவா இருக்கேன்? இந்த வெயில்ல குஞ்சுகளுக்கு இரை தேடியே என் உசிரு போகுது. சரி, உனக்கு இப்ப என்ன வருதோ அதைத் தட்டு.”

மூக்கன் தட்டியது. இரண்டு தட்டு. அடுத்ததற்குக் கழுத்து எழவில்லை. நின்று மூச்சு வாங்கிவிட்டு, ஒரே ஒரு தட்டு. மறுபடியும் இரண்டு. அந்த இடைவெளிக்குள் வஞ்சி மெதுவாகப் பேச ஆரம்பித்தது. வற்றிய ஏரியை, வெறும் வாயோடு கூட்டுக்குத் திரும்பும் நாளை, தூங்கி எழுந்தும் தீராத அலுப்பை அது பாடியது.

முயலின் தலை தானாக ஆடியது. பிறகு கீரியின் தலை. சிரித்துக்கொண்டிருந்த மேல்கரையிலும் ஒவ்வொரு தலையாக ஆடத் தொடங்கியது. கோடை எந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லையே.

பாட்டு முடிந்ததும் காரி நீளமாக மூச்சு விட்டது. “மேல்கரைப் பாட்டுக்குக் காலு ஆடுச்சு. இதுக்கு உள்ளே ஏதோ ஆடிப்போச்சு. இதுதான் ஒசத்தி. ஆனா அடுத்தவன் பீட்டை எடுத்ததும் தப்புதான். அதனால கீழ்க்கரைக்கு முதல் பறிப்பு கிடையாது. ரெண்டு கரையும் சேர்ந்தே பறிங்க.”

எல்லாரும் அத்திமரத்தை நோக்கி நடந்தபோது தொப்பையன் மட்டும் தத்தித் தத்தி மூக்கனிடம் வந்தது.

“கோவம்தான் எனக்கு. இருந்தாலும் கேக்குறேன். நீ மூச்சு வாங்குற அந்த இடத்துல நான் தொண்டையால ஒரு அடி குடுத்தா எடுபடுமா?”

மூக்கனுக்குக் கூச்சமாக இருந்தது. “கேட்டுட்டுப் போடணும்னு உனக்குத் தோணுது பாரு. எனக்கு அது தோணல” என்றது. பிறகு பக்கத்துக் கிளையில் மெல்ல இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தியது. தவளை தொண்டையை உப்பியது.

இரவல் வாங்கிய துள்ளலைவிட, சொந்தக் களைப்பை மறைக்காமல் போட்ட தாளமே கேட்பவர் மனசைத் தொடும்.