பெயரை விட்டுப் பாடிய கரிச்சான்

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பெயர் இருந்தது. யாருக்காகக் கட்டிய பாட்டோ, அவருடைய பெயர். அந்தப் பாட்டு அவரை மட்டுமே உருக்கும். மற்றவர்கள் காதில் அது வெறும் ஓசை.

மலைச்சரிவில் தினை விதைத்து வாழ்ந்த வேம்பிக்கும் கொற்றனுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனது. வேம்பி அழவில்லை. கொற்றன் ஊரில் பாட்டுக் கட்டுபவரிடம் போய், பிள்ளைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டான். பெயரில்லாத பிள்ளைக்கு எதை வைத்துப் பாடுவது என்று அவர் கைவிரித்துவிட்டார்.

தினைக்காட்டு ஓரத்து வேங்கை மரத்தில் ஒரு கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தது. அதன் குஞ்சு நீலி அப்போதுதான் பறக்கப் பழகியிருந்தது. பொழுது சாயும்போது நீலியின் பெயரைப் பாடித்தான் தாய் அதைக் கூட்டுக்கு அழைக்கும். ஒரு மாலை வேம்பி மரத்தடியில் வந்து நின்றாள்.

"உன் பாட்டுக்கு உன் பிள்ளை திரும்பி வருகிறதே. எனக்கும் அதைப் பாடுவாயா?"

"இதில் நீலியின் பெயர் இருக்கிறது, வேம்பி. உனக்கு இது வெறும் ஓசைதானே."

"பெயரை விட்டுவிட்டுப் பாடேன்."

கரிச்சான் திகைத்தது. பெயர் இல்லாவிட்டால் நீலிக்கு வழி தெரியாது. இருட்டியபின் வெளியே இருக்கும் குஞ்சை ஆந்தை விடாது. ஆனாலும் கீழே நின்றவளின் முகத்தைப் பார்த்து மறுக்க அதற்கு மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடியது. பெயர் வரும் இடத்தில் மூச்சை மட்டும் விட்டது.

வேம்பியின் மார்பில் பிள்ளையின் கனம் வந்து படுத்தது. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காவல் பரணில் இருந்த கொற்றனுக்கும் பாட்டு கேட்டது. அவனுக்கு நினைவில் வந்தது, மணமான புதிதில் அவள் சிரித்த சிரிப்பு. இறங்கி ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கரிச்சான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பாறைக்கு அப்பாலிருந்து நீலி வந்து கிளையில் அமர்ந்தது.

"பெயர் சொல்லவில்லையே, எப்படி வந்தாய்?"

"சொன்னாயே அம்மா. எனக்குக் கேட்டதே."

அறுவடையின்போது வேம்பி அந்தப் பாட்டை மெல்லப் பாடினாள். கூட அறுத்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ யாரை நினைத்தாய், நீ யாரை நினைத்தாய் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். பாட்டுக் கட்டுபவரும் பெயரை விட்டுவிட்டே கட்டத் தொடங்கினார்.

முன்பின் தெரியாத ஒருவர் வேறு யாருக்காகவோ பாடிய பாட்டு, நமக்கென்றே பாடியதுபோல் நெஞ்சில் வந்து உட்காருவது அன்று முதல்தான்.