கோணமேட்டார் கிட்டார் பிடித்த கதை

கோணமேட்டில் நாலு மாட்டுத் தரகர்கள் உண்டு. நாலு பேருக்கும் பொதுவில் ஒரு மூளை இருப்பதாக ஊரில் பேச்சு. அது யார் வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் இன்று வரை தெரியவில்லை.

மூத்தவர் சவரிநாதன். தாடி நரைத்ததால் அறிவும் வந்துவிட்டதாக முடிவுகட்டி, மற்ற மூவரும் எதற்கெடுத்தாலும் அவர் வாயைப் பார்ப்பார்கள். வெள்ளைக்கண்ணு யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து. பிச்சமுத்து எல்லாவற்றையும் சந்தேகப்படுவார், சந்தேகப்பட வேண்டியதைத் தவிர. நாலாவது ஆள் அடைக்கலம். இது அவர் கதை, ஏனென்றால் மகள் அவருடையவள்.

மகள் பெனிட்டா திருச்சியில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். மாதா கோவில் பாடற்குழுவில் சாதாரண கிட்டார் வாசித்துப் பழகியவள். கல்லூரி இசைக்குழுவில் ஓர் இடம் காலியாகி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரும், அதன் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்ப் பெட்டியும் அவரவரே கொண்டுவர வேண்டும். பெனிட்டாவுக்கோ வெள்ளிக்கிழமை மாலை வரை பரீட்சை. அதனால் கடைக்குப் போகிற வேலை அடைக்கலத்திடம் வந்தது.

"நீ கேட்டதை அப்பா கொண்டாந்து நிறுத்துறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அவள் பிறந்ததிலிருந்து கேட்டதை ஒரு தடவைகூடச் சரியாக வாங்கி வந்ததில்லை என்பது அவருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் குடை கேட்டபோது, மழை நின்றபிறகு விலை குறையும் என்று காத்திருந்து வாங்கி வந்த மனிதர். இந்த ஒரு தடவையாவது தவறக்கூடாது என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. நெஞ்சில் குறை ஒன்றும் இல்லை. கழுத்துக்கு மேலேதான் கோளாறு.

அப்பாவைத் தெரிந்த பெண்ணாகையால் பெனிட்டா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். முதல் எலெக்ட்ரிக் கிட்டார்தானே, விலை குறைந்ததே போதும். ஆறு கம்பி இருக்க வேண்டும். கழுத்து வளையாமல் நேராக இருக்க வேண்டும். மடியில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். ஆம்ப் சின்னதாக இருந்தால் போதும், ஆனால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் வாசித்துக் காட்டினால் அதில் மயங்கிவிடக் கூடாது. கேபிளைப் பற்றி மட்டும் அவள் எழுதவில்லை. இரண்டையும் இணைக்கிற கேபிள் இல்லாமல் யாராவது வீட்டுக்கு வருவார்களா என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை நாலு பேரும் திருச்சிக்குப் பஸ் ஏறினார்கள். கோணமேட்டில் யாரும் தனியாகப் போய் மாடு பிடிப்பதில்லை, ஆகவே கிட்டார் பிடிக்கவும் தனியாகப் போகவில்லை. சவரிநாதன் தோளில் புதுக்கயிறு ஒன்று தொங்கியது. அது எதற்கு என்று பிச்சமுத்து கேட்கவில்லை.

கயிற்றுக்குக் காரணம் உண்டு. அவர்கள் வழக்கத்தில், மாட்டை விற்றவர் தலைக்கயிற்றை அவிழ்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வார். கயிறோடு கொடுத்தால் தொழுவத்து அதிர்ஷ்டமும் சேர்ந்து போய்விடும் என்று நம்பிக்கை. வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டித்தான் ஓட்டிவர வேண்டும். விற்றவரிடம் போய்க் கயிற்றைக் கேட்பதைவிடக் கேவலம் கோணமேட்டில் வேறு கிடையாது.

கடைக்காரர் எட்வின் பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. சுவரில் தொங்கிய கிட்டார்களைப் பார்த்ததும் வெள்ளைக்கண்ணு நேரே தலைப்பக்கம் போய், கம்பி முறுக்குகிற குமிழ்களை விரலால் தடவி எண்ண ஆரம்பித்தார். மாட்டுக்குப் பல் எண்ணி வயது சொல்லியே பழகிய கை. எல்லாவற்றிலும் ஆறு இருந்தது. ஓரத்தில் நெட்டையாக நின்ற ஒன்றில் மட்டும் நாலு.

"இது நாலு பல்லு, இளசு. இதையே பிடிப்போம். வீட்டுக்கு வந்து ரெண்டு முளைச்சுக்கும்" என்றார் வெள்ளைக்கண்ணு.

"முளைக்கலன்னா?" என்று கேட்டார் பிச்சமுத்து.

"நல்லா வச்சுப் பாத்தா ஏன் முளைக்காது?"

இருவரும் சவரிநாதனைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "முளைக்கும். ஆனா நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள முளைக்காது. புள்ள கேட்டது ஆறு" என்றார். இந்த மதிநுட்பத்தைக் கண்டு அடைக்கலத்துக்கு மெய்சிலிர்த்தது. அது பேஸ் கிட்டார், ஜாதியே வேறு என்று எட்வின் விளக்கினார். விற்கிறவர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று நாலு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை.

விலை குறைந்த ஒரு நீலக் கிட்டாரைக் கீழே இறக்கினார்கள். கழுத்தைப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, நேர்தான் என்று சவரிநாதன் தீர்ப்புச் சொன்னார். அடுத்தது மடி. யார் மடி என்று தாளில் எழுதியிருக்கவில்லை. ஆகவே நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்குக் கால்மணி நேரம் மடியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு எட்வினையும் உட்காரவைத்து அவர் மடியிலும் வைத்தார்கள். அடைக்கலம் தன் முறை வந்தபோது கண்ணை மூடி, பெனிட்டா மேடையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கம் வந்த இடம் இது ஒன்றுதான்.

எட்வின் ஆம்பில் கேபிளைச் செருகி அருமையாக வாசித்தார். நாலு பேரும் உடனே காதைப் பொத்திக்கொண்டார்கள். மயங்கக் கூடாதே. வாசிக்கவே தெரியாத ஆள் வாசித்தால்தான் உண்மை வெளிவரும் என்று சவரிநாதன் சொல்ல, கிட்டார் வெள்ளைக்கண்ணுவிடம் போனது. அவர் வாசித்ததும் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. "இதான் அதோட சொந்தக் குரல்" என்றார் சவரிநாதன் திருப்தியாக.

இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது பாக்கி. ஜோடி மாடு என்றால் சேர்த்து நடக்கவிட்டுத்தானே பார்ப்பார்கள். அடைக்கலம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டார், பிச்சமுத்து ஆம்பைத் தூக்கிக்கொண்டார், இருவரும் தோளோடு தோள் ஒட்டிக் கடையை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பெரிய ஆம்போடு நடந்தபோது பிச்சமுத்து பின்தங்கினார். சின்ன ஆம்போடு நடந்தபோது சேர்ந்து வந்தார். "சோடி கூடிருச்சு" என்று சவரிநாதன் அறிவித்தார். இப்படியாக அவர்கள் சரியான ஆம்பையே தேர்ந்தெடுத்துத் தொலைத்தார்கள்.

விலை பேசும் நேரம் வந்தது. விலையை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. அடைக்கலம் முதலில் அந்த அட்டையைத் திருப்பிவைத்தார். பிறகு எட்வினின் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலை அழுத்தி விலை கேட்டார். சந்தையில் அப்படித்தான், யார் என்ன விலை பேசினார்கள் என்று மூன்றாம் பேருக்குத் தெரியாது. எட்வினுக்கும் தெரியவில்லை. பயந்துபோய்ப் பதிலுக்கு நாலைந்து தடவை அழுத்தினார். அது அட்டை விலையைவிட மேலே போய்விட, பெருந்தன்மையாக அடைக்கலம் அதற்கே ஒப்புக்கொண்டார். எட்வின் நல்லவர், அட்டை விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். பேரம் பேசத் தெரியாத பிள்ளை என்று நாலு பேரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள்.

கடைசியில் அவர் கேபிளைச் சுருட்டி, "இது ஆம்போட சேர்ந்ததுய்யா, இதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்று பைக்குள் வைத்தார். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் கிட்டாரைக் கட்டிவைத்திருந்தது அதுதான். முறை தெரியாமல் தன் கயிற்றையே தூக்கிக் கொடுக்கிறாரே என்று அடைக்கலத்துக்கு நெஞ்சு பதறியது. மகளுக்காக வாங்குகிற நல்ல காரியம், அடுத்தவர் அதிர்ஷ்டத்தைப் பறித்துக்கொண்டு போகலாமா? எட்வின் பில் போடத் திரும்பிய சமயம், கேபிளை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டார். சவரிநாதன் புதுக்கயிற்றால் கிட்டாரின் கழுத்தையும் ஆம்பின் கைப்பிடியையும் சேர்த்துக் கட்டினார்.

பஸ் நகர்ந்தபோது எட்வின் கேபிளை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். வழியனுப்ப இவ்வளவு தூரம் வருகிறாரே என்று நாலு பேரும் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள்.

மாலையில் பெனிட்டா வந்தாள். கிட்டாரைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள், மடியில் வைத்துப் பார்த்தாள், சின்ன ஆம்பைப் பார்த்துச் சிரித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று அடைக்கலத்துக்குக் கண் கலங்கியது. அப்புறம் அவள் பையைக் கவிழ்த்தாள்.

"கேபிள் எங்கப்பா?"

விற்றவரின் கயிற்றை அவரிடமே விட்டுவந்ததை அடைக்கலம் பெருமையாகச் சொன்னார். அவள் கயிற்றைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்து அழுதாள். அது இல்லாமல் சத்தமே வராது என்று அவள் சொன்னபோதுதான் தான் செய்தது என்ன என்று அவருக்கு விளங்கியது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் பெனிட்டா முதல் பஸ்ஸுக்கு நின்றாள், எட்டரைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கிட்டாரையும் ஆம்பையும் அவள் சுமக்கக் கூடாது, தாங்களே தூக்கிவருகிறோம் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அவள் களைத்துப்போய், "ஒம்பதுக்குக் கடை திறந்துருவாங்க. கேபிளை மட்டும் வாங்கிட்டு நேரா காலேஜுக்கு வந்துருங்க" என்றாள். பெண் புத்திசாலிதான். ஆனால் தூக்கமில்லாதவள் வாயில் 'மட்டும்' என்ற சொல் வந்துவிட்டது.

அடுத்த பஸ்ஸில் நாலு பேரும் கிட்டாரும் ஆம்புமாகப் போகையில் சபை கூடியது.

"வித்தவன்கிட்டப் போய்க் கயித்தைக் கேக்குறதா? நம்ம மானம் என்னாகும்?" என்றார் பிச்சமுத்து.

"எம்மகளுக்காக நான் கேப்பேன்" என்றார் அடைக்கலம்.

சவரிநாதன் தாடியைத் தடவ ஆரம்பித்தார். மூன்று நிறுத்தம் தாண்டியது. "பிடிச்ச மாட்டோட கயித்தைக் கேட்டாத்தான் கேவலம். மாட்டைத் திருப்பிக் குடுத்துட்டா அது யாரோட கயிறு? சும்மா கயிறு. கடைச் சரக்கு. எவன் வேணாலும் காசு குடுத்து வாங்கலாம்" என்றார்.

வெள்ளைக்கண்ணு தலையாட்டினார், அடுத்த நிறுத்தத்தில். தாளையும் மகள் சொன்னதையும் மனசுக்குள் ஒட்டிப் பார்த்த அடைக்கலம், "கேபிளை மட்டும்னுதான் அவளும் சொன்னா" என்றார். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

கேபிளைச் சும்மாவே எடுத்துப்போகச் சொல்லி எட்வின் கெஞ்சினார், இவர்கள் கேட்டால்தானே. பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது. கிட்டாரையும் ஆம்பையும் மேஜைமேல் வைத்துப் பணத்தைத் திரும்ப வாங்கி, அதில் கேபிளுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள சவரிநாதன் மறக்கவில்லை.

கல்லூரி வாசலில் பெனிட்டா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடைக்கலம் மூச்சிரைக்க வந்து, துண்டில் பொதிந்த கேபிளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கிட்டாரு?" என்றாள்.

"அதைக் குடுத்துட்டுத்தாம்மா இதை மானமா வாங்க முடிஞ்சுது."

பெனிட்டா கேபிளை வெடுக்கென்று வாங்கினாள். அதற்குள் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேபிளைக் கையில் பிடித்தபடியே போனாள். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அவளுக்கு முன்னால் வாசித்த பெண் தன் கிட்டாரை ஆம்போடும் கேபிளோடும் அப்படியே கொடுத்தாள். பெனிட்டா இருந்த கோபம் முழுவதையும் விரலில் இறக்கினாள். இசைக்குழு மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வெளியே நின்ற நாலு பேருக்கு இதில் எதுவுமே தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவள் அதே கேபிளோடு வெளியே வந்தாள்.

"என்னை எடுத்துட்டாங்கப்பா" என்றாள். அடைக்கலம் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பினார். அவளுக்கும் கோபம் கரைந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதே நீலக் கிட்டாரையும் ஆம்பையும் வாங்கிவந்துவிட்டாள். போவதற்கு முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது அவள் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் வாசலில் நடந்ததை சவரிநாதன் கூர்ந்து கவனித்திருந்தார். "உள்ள போறப்ப புள்ள கையில என்ன இருந்துச்சு?" என்று அன்று ஊர் திரும்பும்போதே பஸ் நிறுத்தத்தில் கேட்டார்.

"கேபிளு" என்றார் பிச்சமுத்து.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"அப்ப இத்தனையையும் வாசிச்சது எது?"

உலகமே எலெக்ட்ரிக் கிட்டார், ஆம்ப் என்று காசைக் கொட்டிக்கொண்டிருக்க, கோணமேட்டுக்கு மட்டும் உண்மை தெரிந்துவிட்டது. கேபிள் ஒன்றே போதும், விலை குறைவு, வைக்க இடம் வேண்டாம், தூக்க ஆள் வேண்டாம்.

திங்கட்கிழமை அடைக்கலத்தைத் தவிர மற்ற மூவரும் தங்கள் பிள்ளைகளையும் இசைக்குழுவில் சேர்க்க எட்வின் கடைக்கு வந்து ஆளுக்கொரு கேபிள் கேட்டார்கள். எட்வின் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். சவரிநாதனும் வெள்ளைக்கண்ணுவும் மடியில் வைத்துப் பார்த்து உடனே வாங்கிக்கொண்டார்கள். பிச்சமுத்து மட்டும் ஏழு கேபிள்களைத் திருப்பிக் கொடுத்தார். எதை எடுத்தாலும் கழுத்து வளைகிறது என்றார்.